முகம் வைக்காத படம்

முதலில் என் கைதான் எனக்குத் துரோகம் செய்துவிட்டது என்று நினைத்தேன். பின்னால் நடந்ததையெல்லாம் பார்த்தபிறகு, பாவம், அந்தக் கையை அவ்வளவு திட்டியிருக்க வேண்டாம் என்று தோன்றுகிறது.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். நாங்கள் தொண்டிக்குக் குடிவந்திருந்தோம். என் வீட்டுக்காரருக்கு அங்கே பஞ்சாயத்து ஆபீசில் கிளார்க் வேலை. அவர் ஆர்.எஸ்.மங்கலத்துப் பக்கம், கண்மாய்த் தண்ணீரில் நெல் விளைவிக்கிற குடும்பம். நான் மதுரையில் வளர்ந்தவள். கல்யாணத்துக்கு முன்னால் சர்க்கார் டிராயிங் பரீட்சை எழுதிப் பாஸ் செய்திருந்தேன். எங்கேயாவது ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராகிவிடுவேன் என்று நான் ஒரு கணக்குப் போட்டிருந்தேன். வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்த்து வேறு கணக்குப் போட்டார்கள். பென்சில் டப்பா டிரங்குப் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. வருஷக்கணக்கில் அதை நான் திறக்கவில்லை. வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம், படித்த வித்தை எங்கே போய்விடும் என்ற திமிர்தான்.

எங்கள் தெருவில் ஒரு நர்ஸம்மா இருந்தார். காரங்காட்டுக்காரர், வேதக்காரர் என்று எங்கள் பக்கம் சொல்கிற கிறிஸ்தவர். ஊர் முழுக்கப் பிரசவம் பார்ப்பார், ஊசி போடுவார். நான் டிராயிங் படித்தவள் என்று எப்படியோ கேள்விப்பட்டு ஒருநாள் வாசலில் வந்து நின்றார்.

"பரீட்சையெல்லாம் பாஸ் பண்ணவளாமே நீ. வயித்துல புள்ள எப்படிக் கெடக்கும்னு ஒரு படம் போட்டுக் குடும்மா. வாயால சொன்னா ஒருத்திக்கும் வெளங்க மாட்டேங்குது" என்றார்.

இதென்ன பெரிய காரியம் என்று உட்கார்ந்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். குரங்கு என்றுகூடச் சொல்ல முடியாது. பூசணிக்காய்க்குக் கைகால் முளைத்திருந்தது. இழுத்த கோடெல்லாம் கோணிக்கொண்டு போயிற்று. எங்கே நிறுத்துவது என்று கைக்குத் தெரியவில்லை. நர்ஸம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இப்படி ஒண்ணு பொறந்துச்சுன்னா நான் வேலைய விட்டுட்டுக் காரங்காட்டுக்கே போயிருவேன்" என்றார்.

சிரித்து அனுப்பிவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். எனக்கென்று இருந்த ஒரே சொத்து அது. யாரும் எடுத்துக்கொண்டு போகமாட்டார்கள் என்று நம்பியிருந்தேன். அது தானாகவே போய்விட்டது. வீங்கிய கண்ணோடு தண்ணீர் எடுக்கப் போனபோது நர்ஸம்மா பார்த்துவிட்டார். அவருக்கு மனசு கேட்கவில்லை.

"மனசுலேருந்து போட்டா இப்படித்தான் வரும். ஆளைப் பாத்துப் போடு. வெள்ளிக்கெழம ஏங்கூட ஒரு வீட்டுக்கு வா. அங்கனயும் ஒருத்தி பொழுது போகாம ஒக்காந்திருக்கா" என்றார்.

அது கடற்கரைப் பக்கத்தில் ஒரு பெரிய வீடு. வீட்டு மகன் பினாங்கில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். போய் நாலு வருஷமாகியிருந்தது. வீட்டில் அவருடைய அம்மாவும் மனைவியும். வெள்ளிக்கிழமை ஆண்கள் எல்லோரும் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருக்கும் நேரத்தில் நர்ஸம்மா போய் அந்த அம்மாவுக்கு ஊசி போடுவார். பெண்கள் மட்டும் நடக்கிற சந்து ஒன்று வீட்டின் பின்பக்கம் ஓடியது. அதன் வழியாகத்தான் நாங்கள் போவோம். அந்த மனைவி என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவள். அக்காவை அவர்கள் லாத்தா என்பார்கள், எல்லோரும் கூப்பிடுவதுபோல நானும் அப்படியே கூப்பிட்டேன். அவளுடைய மாமியாரை அவள் கூப்பிடுகிறபடியே மாமி என்றேன்.

நர்ஸம்மா விஷயத்தைப் போட்டு உடைத்தார். ஒருத்தி உட்காருவது, மற்றவர்கள் அவளைப் பார்த்து வரைவது, அப்புறம் ஆள் மாறுவது, அவ்வளவுதான் என்றார். லாத்தாவின் முகம் அப்படியே பூத்துவிட்டது. மருதோன்றி இடுவதில் அவள் பேர்போனவள். நிக்காஹ் வீடுகளில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் மாமி சம்மதிக்க வேண்டுமே. மாமி என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஆள வரஞ்சா கியாமத்து நாள்ல, தீர்ப்பு சொல்ற அன்னிக்கி, அல்லா கேப்பான், இதுக்கு உசுரு குடுன்னு. குடுப்பியா நீ?"

"என்கிட்டயுமா கேப்பாரு?" என்றேன்.

"வரஞ்சவ எவளா இருந்தாலும் கேப்பான்."

நர்ஸம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கடைசியில் மாமியே ஒரு வழி சொன்னார். முகம் வைக்கக்கூடாது. கண், மூக்கு, வாய் எதுவும் கூடாது. முகம் இல்லாவிட்டால் அது ஆள் இல்லை, வெறும் கோடு. இன்னொன்றும் சொன்னார். படம் இருக்கிற வீட்டுக்கு மலக்குகள், அதாவது வானவர்கள், வரமாட்டார்கள். அதனால் வரைந்து முடித்ததும் எல்லாத் தாளையும் நான் என் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். எங்கள் வீட்டுக்கு மலக்குகள் வருவதும் வராததும் என் பாடு.

அப்படித்தான் ஆரம்பித்தது. பினாங்கிலிருந்து சாமான் சுற்றி வந்த பழுப்புத் தாளை நீவி வைத்துக்கொண்டோம். முற்றத்து ஓரத்தில் அடுப்பு. மதியச் சோற்றுக்கு உலை வைத்ததும் ஒருத்தி பலகையில் உட்காருவாள். உலை கொதிக்கிறவரை அசையக்கூடாது. மூடி தடதடவென்று ஆட ஆரம்பித்தால் எழுந்துவிடலாம். அரிசி போட எழுந்தே ஆகவேண்டும். எங்களுக்கு அதுதான் கடிகாரம். நர்ஸம்மா உட்காரும் வாரத்தில் விறகு ஈரமாக இருந்துவிட்டால், "யாத்தே, இடுப்பு போச்சு, கொஞ்சம் ஊதி விடுங்கடி" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கெஞ்சுவார். அவர் வரைந்த ஆட்கள் எல்லோரும் மருந்துப் பாட்டில்போல இருப்பார்கள். அதைப் பற்றி அவருக்கு ஒரு வருத்தமும் கிடையாது. லாத்தா கைவிரல்களை மட்டும் வரைவாள். விரல் என்றால் விரல், நகக்கண் உட்பட இருக்கும். விரலிலிருந்து மணிக்கட்டுக்கு ஏறுவதற்கே அவளுக்கு மாதக்கணக்கில் ஆயிற்று.

முகம் வைக்கக்கூடாது என்பது எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. கையை ஒடித்துவிட்டுக் கல் எறியச் சொல்வதுபோல இருந்தது. ஆனால் சில வாரங்களில் ஒன்று புரிந்தது. இத்தனை காலமும் நான் ஆளைப் பார்த்ததே இல்லை, முகத்தைத்தான் பார்த்திருக்கிறேன். மாமி ஒரு காலைக் குத்துக்கால் வைத்து, முழங்கால்மேல் கையை ஊன்றி, எந்நேரமும் எழுந்துவிடப் போகிறவர்போல உட்காருவார். நர்ஸம்மா உட்கார்ந்தால் தோள் இரண்டும் தொங்கிவிடும். ஊரெல்லாம் ஓடி ஓடி ஓய்ந்த தோள். லாத்தா முதுகை வளைக்கவே மாட்டாள். எனக்கு வந்த கோடுகளில் ஆட்கள் தெரிய ஆரம்பித்தார்கள். ஒருநாள் நர்ஸம்மா தாள்களை மாமியின் முன்னால் வரிசையாகப் பரப்பி, இது யார், இது யார் என்று கேட்டார். மாமி ஒன்றைக்கூடத் தப்பாகச் சொல்லவில்லை. சொல்லி முடித்தபிறகு, முகம்தான் இல்லையே என்று அவருக்கே கொஞ்சம் சந்தேகம் வந்து, பேச்சை மாற்றிவிட்டார்.

வெள்ளிக்கிழமை மட்டும் போதவில்லை. வீட்டுக்காரர் ஆபீசுக்குப் போனதும் தினமும் உட்கார்ந்துவிடுவேன். வாசலில் கூடையை இறக்கி வைக்கிற மீன்காரியின் இடுப்பு, கிணற்றில் வாளி இழுப்பவளின் முழங்கை, என் இடதுகை, என் கால். காலையில் கண் விழித்ததும் கை பென்சிலைத் தேடியது. வயிற்றுப் பிள்ளைப் படத்தையும் வரைந்து கொடுத்தேன். நர்ஸம்மா அதை நாலு ஊருக்குக் கொண்டுபோனார். நான் அந்த வருஷம்போல எந்த வருஷமும் இருந்ததில்லை. சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்லிவிட்டுப் போகலாம், ஆனால் அதுகூடக் கொஞ்சம் குறைவான வார்த்தைதான்.

என் வீட்டுக்காரர் கெட்டவர் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். நான் வரைவது தெரிந்ததும், ராமநாதபுரத்துக்கு ஆபீஸ் வேலையாகப் போனவர் நல்ல வெள்ளைத்தாள் ஒரு கட்டு வாங்கிவந்தார். திரும்பும்போது மழை. பஸ்ஸிலிருந்து இறங்கி, சட்டையைக் கழற்றித் தாளைச் சுற்றிக்கொண்டு வெறும் பனியனோடு நனைந்து வந்து சேர்ந்தார். "இந்தா, ஒனக்கு" என்று நீட்டினார். அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த ஆசையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

"யாரத்தான் வரையிற?" என்று கேட்டார்.

"பொம்பளைங்கள. நீங்க பாக்கக்கூடாது. வாக்குக் குடுத்திருக்கேன்."

"நான் என்னத்தப் பாக்கப் போறேன். எனக்குத் தெரிஞ்ச படம் ஓட்டுப்பெட்டியில ஒட்டுன படந்தான்" என்றார்.

தாள்களை டிரங்குப் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் வைப்பேன். பெட்டிக்குப் பூட்டு கிடையாது. புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர் இருக்கிற வீட்டில் யாருக்குப் பயந்து பூட்டுவது?

அந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை நாங்கள் போனபோது லாத்தா அப்போதுதான் குளித்துவிட்டு வந்திருந்தாள். சாம்பிராணிச் சட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிப் பலகையில் உட்கார்ந்து, ஈர முடி முழுவதையும் ஒரு தோள்வழியாக முன்னால் எடுத்துப் போட்டாள். "இன்னிக்கி இப்படியே இருக்கேன், முகம் வைக்கிற வம்பே இல்ல" என்றாள். உலை வைத்தாயிற்று. என் கை அன்று ஓடியதுபோல அதற்குமுன் ஓடியதில்லை. பிடரி, தோள், நேரான முதுகு, கழுத்தில் ஒட்டிக்கொண்ட நாலைந்து முடி. பிடரிக்குக் கீழே சின்ன வயசில் கொதிகஞ்சி பட்ட தழும்பு ஒன்று இருந்தது. அதையும் வரைந்தேன். பார்த்ததை விட்டுவிட எனக்கு வராது.

லாத்தா தாளை வாங்கி வெகுநேரம் வைத்திருந்தாள்.

"இந்தத் தழும்ப நான் பாத்ததே இல்ல. அவுகதான் சொல்வாக, இருக்குன்னு" என்றாள். சொன்னபிறகு முகம் சிவந்துபோயிற்று.

"கிழிச்சிரவா லாத்தா?"

"வேணாம்" என்று சட்டென்று சொன்னாள். அப்புறம் மெதுவாக, "இருக்கட்டும். ஆம்பள கண்ணுல மட்டும் பட்டுறாமப் பாத்துக்கங்க. ஒங்ககிட்ட இருந்தா என்கிட்ட இருக்குற மாதிரித்தான்" என்றாள்.

அந்தச் சமயத்தில் என் கொழுந்தன், வீட்டுக்காரருடைய தம்பி, பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு ஊரில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தார். வயல் வேலை அவருக்கு ஆகவில்லை. மாமனாரிடம் தினம் ஏச்சு. அவரைப் பினாங்குக்கு அனுப்பிவிட்டால் நல்லது என்று என் வீட்டுக்காரருக்கு யோசனை வந்தது.

"ஒன் லாத்தாகிட்ட ஒரு வார்த்த சொல்லேன். அவுக வீட்டுக்காரரு கடையில ஒரு ஆளச் சேத்தா என்ன கொறஞ்சா போயிருவாக?" என்றார்.

"நான் அங்கன வேல கேக்கப் போகல" என்றேன்.

திரும்பவும் கேட்டார். திரும்பவும் மறுத்தேன். அந்த முற்றத்தில் நான் யாருக்கும் கிளார்க் பெண்டாட்டி இல்லை, லாத்தா யாருக்கும் முதலாளி பெண்டாட்டி இல்லை. ஒருதரம் கைநீட்டிவிட்டால் அப்புறம் அந்தப் பலகையில் நான் வேறு ஆளாகத்தான் உட்கார முடியும். இதை அவருக்கு விளக்கியும் சொன்னேன். சரி, விடு என்றார். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு மூன்றாம் நாள் பழையபடி கலகலப்பாகிவிட்டார். என் பேச்சை மதித்துவிட்டார் என்று நான் பூரித்துப்போனேன். இப்போது நினைத்தாலும் அந்தப் பூரிப்பின்மேல்தான் எனக்கு அதிக ஆத்திரம் வருகிறது.

சில மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை காலையிலேயே நர்ஸம்மா வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"இன்னிக்கி நீ வர வேணாம். மாமி சொல்லச் சொன்னாக, நீ இனிமே அங்கன வர வேணாம்னு" என்றார்.

பினாங்கிலிருந்து லாத்தா வீட்டுக்காரரின் உறவுக்காரர் ஒருவர் கல்யாணத்துக்காக வந்திருந்தார். வரும்போது ஒரு சுருட்டிய தாளைக் கொண்டுவந்து மாமியின் கையில் கொடுத்திருக்கிறார். அது எப்படி வெளி ஆம்பளை கைக்குப் போயிற்று என்று கேட்டுவரச் சொல்லி அனுப்பியிருந்தார் மகன். நம்மூரிலிருந்து பினாங்குக்குப் போன ஒருவரிடம் பஞ்சாயத்து ஆபீஸ் கிளார்க் கொடுத்தனுப்பியிருக்கிறார். உங்கள் வீட்டம்மா படம், என் சம்சாரம் வரைந்தது, என் தம்பிக்கு உங்கள் கடையில் ஒரு இடம் பார்த்துக் கொடுங்கள் என்று வாய்ச்சொல்லோடு.

நர்ஸம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். நான் போய்ப் பெட்டியைத் திறந்து புடவைகளை எல்லாம் வெளியே வாரிப் போட்டேன். முதுகுப் படம் இல்லை. அது அடியில் இருந்த படம். மேலே மேலே புதுத் தாள்களை வைத்துக்கொண்டே வந்ததில் நான் கவனிக்கவே இல்லை.

வர வேண்டாம் என்றாலும் போனேன். சந்துக் கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. தட்டினேன்.

"யாரு?" என்றது லாத்தாவின் குரல்.

"நான்தான் லாத்தா."

கதவு திறக்கவில்லை. அவள் கதவுக்கு அந்தப்பக்கம் வந்து நின்றது மட்டும் தெரிந்தது.

"கடை மேசையில வச்சுப் பிரிச்சிருக்காக. கணக்குப்பிள்ள, வேலையாளுக, துணி எடுக்க வந்தவுக எல்லாரும் நிக்கயில. யாரு படம்னு கேட்டதுக்கு, கொண்டுபோனவரு ஒங்க வீட்டுப் படம்னு சத்தமாச் சொல்லிருக்காரு" என்றாள். குரலில் அழுகை இல்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும்.

"நான் அனுப்பல லாத்தா. எனக்குத் தெரியவே தெரியாது. எங்க வீட்டுக்காரர்தான் பெட்டியிலேருந்து எடுத்து…"

அந்தப்பக்கம் அவள் வளையல் கதவில் பட்டது.

"அப்ப ஒங்க வீட்டுக்காரரும் பாத்தாகளா?" என்றாள்.

உண்மையைச் சொன்னால் கதவு திறக்கும் என்று நம்பி வந்தவள் நான். உண்மை இன்னொரு தாழ்ப்பாளையும் சேர்த்துப் போட்டுவிட்டது.

"நீங்க அனுப்பிருந்தாக்கூடத் தேவலம்மா. ஒரு பொம்பள புத்திகெட்டுச் செஞ்சுட்டான்னு நெனச்சுக்குவேன்" என்றாள் லாத்தா.

உள்ளேயிருந்து மாமியின் குரல் கேட்டது. "உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணவகிட்ட என்ன பேச்சு? உள்ள வா."

லாத்தா போய்விட்டாள். அடுப்பில் வைத்த உலை கொதித்து மூடி ஆடுகிற சத்தம் சந்துவரைக்கும் கேட்டது. அரிசி போட யாரும் அவசரப்படவில்லை. நான் வீட்டுக்கு வந்தேன்.

சாயங்காலம் அவர் வந்ததும் கேட்டேன். ஆபீஸ் சட்டையைக்கூடக் கழற்றவிடவில்லை. அவர் முதலில் என்னைத்தான் ஆச்சரியமாகப் பார்த்தார்.

"மூஞ்சியே இல்லாத படம். அதுல என்ன வந்துருச்சு?"

"மூஞ்சி இல்லாட்டியும் புருஷனுக்கு அடையாளம் தெரியும்னுதான அனுப்புனீங்க?"

"நர்ஸம்மா இல்ல, கெழவியும் இல்ல, அப்ப ஒன் லாத்தாதான்னு எனக்கே தெரிஞ்சுச்சே. அஞ்சு வருஷமாப் பொண்டாட்டியப் பாக்காத மனுஷன். சந்தோசப்படுவாருன்னு நெனச்சேன். எனக்கு யாராச்சும் அப்படிக் குடுத்தனுப்புனா நான் கும்புட்டு வாங்கிக்குவேன்."

அவர் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறார். கடைசியில் மாமியும் லாத்தாவும் நானும் அவரும் எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்திருந்தோம். முகம் இல்லாவிட்டால் அதில் ஒன்றும் வந்துவிடாது என்று நம்பினோம். ஆனால் நாங்கள் மூன்று பேரும் அதை நம்பிப் பெட்டிக்குள் வைத்தோம். அவர் அதை நம்பிக் கப்பலேற்றினார். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று ஊரில் ஒரு பழமொழி உண்டு. எடுத்துக் கொடுத்ததில் ஒன்றுமே அவருடையது இல்லை.

"தம்பிக்கு வேல கேட்டதும் அவர் சந்தோசத்துக்குத்தானா?" என்றேன்.

அவர் சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார்.

"எத்தன நாளாப் பாத்தீங்க?"

"எத?"

"பெட்டியில இருந்ததையெல்லாம்."

"அப்பப்ப" என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு, "ரொம்ப நல்லா வரையிற. சொல்லணும்னு நெனப்பேன். சொன்னா, தெறந்தது தெரிஞ்சுருமேன்னு விட்டுருவேன்" என்றார்.

என் படம் நன்றாக இருக்கிறது என்று அவர் சொன்னது வாழ்க்கையில் அந்த ஒருதரம்தான். எத்தனையோ நாள் அந்த வார்த்தைக்குக் காத்திருந்தேன். அது வந்த நேரத்தைப் பாருங்கள். தினம் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர், நான் வெளியே போகிற நேரம் பார்த்துப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, மடிப்புக் கலையாமல் புடவையை மேலே வைத்து மூடியிருக்கிறார்.

படத்தை லாத்தாவே அடுப்பில் போட்டுவிட்டதாக நர்ஸம்மா பிறகு சொன்னார். மருதோன்றிக்குக்கூட இப்போது அவள் யார் வீட்டுக்கும் போவதில்லையாம். அவள் வரைந்துவந்த கை மணிக்கட்டைத் தாண்டி முழங்கைவரை வந்திருந்தது. அதோடு நின்றுவிட்டது. எல்லாவற்றையும்விட எனக்கு இதுதான் தாளவில்லை. கொழுந்தனுக்கு அந்த வருஷமே மதுரையில் ஒரு மில்லில் வேலை கிடைத்தது. பினாங்கும் தேவைப்படவில்லை, படமும் தேவைப்படவில்லை.

ஒருநாள் பஸ் நிற்கும் இடத்தில் நாலைந்து பெண்கள் வெள்ளைத் துப்பட்டி போர்த்திக்கொண்டு எனக்கு முன்னால் நடந்துபோனார்கள். அதில் வளையாத முதுகு ஒன்று. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கூப்பிடலாம் என்று வாய்வரை வந்தது. கூப்பிட்டு என்ன சொல்வது? உன் முதுகை வைத்துக் கண்டுபிடித்தேன் என்றா? அவர்கள் திருப்பத்தில் மறைகிறவரை நின்றுவிட்டு வந்தேன். கொஞ்ச நாளில் ராமநாதபுரத்துக்கு மாற்றலாகி நாங்கள் ஊரைவிட்டே போய்விட்டோம்.

பென்சிலை மறுபடியும் பெட்டிக்குள் போட்டுவிடுவேன் என்றுதான் நானே நினைத்தேன். கை விடவில்லை. ஒருதரம் போய்த் திரும்பி வந்த கை, இனிமேல் போகமாட்டேன் என்று அடம்பிடித்தது. ஆனால் வரைய ஆள் வேண்டும். புது ஊரில் யார் வீட்டுப் பெண்ணையும் உட்காரச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்கள் படம் எங்கேயும் போகாது என்று எந்த வாயால் சொல்வேன்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் பெஞ்சியை இழுத்து ஜன்னல் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சவரம் செய்து, தலை சீவி, துவைத்த பனியன் போட்டிருந்தார்.

"என்னைய வரையி" என்றார்.

வரைந்தேன். அடுத்த ஞாயிறும் வந்து உட்கார்ந்தார். அதற்கடுத்ததும். எதற்காக உட்காருகிறார் என்று எனக்குத் தெரியும். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வராது, அதனால் உடம்பைக் கொண்டுவந்து வைத்தார். அது சின்ன விஷயம் இல்லை. ராமநாதபுரத்து வெயிலில் அரைமணி, ஒருமணி நேரம் ஆடாமல் அசையாமல் உட்காருவார். ஈ உட்கார்ந்தாலும் விரட்டமாட்டார். அவருடைய காதோரம் நரைத்ததை, தொப்பை விழுந்ததை, வலது தோள் இறங்கியதை எல்லாம் அவருக்கே தெரியும் முன்பே நான் கண்டுபிடித்தேன். வருஷங்கள் போகப்போக என் கோடு கெட்டிப்பட்டது. இன்றைக்கு என் கையில் ஏதாவது இருக்கிறது என்றால் பாதி லாத்தாவின் முற்றத்தில் வந்தது. மீதி அவர் உடம்பைப் பார்த்துப் பார்த்து வந்தது.

நான் மன்னித்துவிட்டேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். மன்னிக்காதவள் வாராவாரம் எதிரே உட்கார்ந்து இப்படி உற்றுப் பார்ப்பாளா என்று அவருக்கு எண்ணம். எனக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். வரைந்து முடித்ததும் தாளை அவரிடம் காட்டாமல் எடுத்து வைத்துவிடுவேன். அவரும் கேட்கமாட்டார்.

ஒரே ஒருநாள் கேட்டார். படத்தை இல்லை. நான் அவர் கண்ணை வரைந்துகொண்டிருந்தேன். கண்ணை வரையும்போது கண்ணைப் பார்த்துத்தானே ஆகவேண்டும். அவர் வாயைக்கூடச் சரியாகத் திறக்காமல், மெதுவாக, "கோவம் போயிருச்சா?" என்றார்.

"அசையாதீங்க" என்றேன்.